ஹைலேண்ட் மாடு கட்டுபடியாகாதா?

ஹைலேண்ட் மாடு பார்க்க அழகு, பிழைப்புக்குக் கட்டுபடியாகாது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலும் தீவுகளிலும் சிறு நிலத்தை வைத்து மாடு வளர்க்கும் குடும்பங்கள் அரை நூற்றாண்டாகக் கேட்டுவரும் தீர்ப்பு இது. வேளாண் ஆலோசகர் சொல்கிறார், கன்று பிடிக்க வரும் வியாபாரி சொல்கிறார், சமவெளியின் பெரும்பண்ணைக்காரர் சொல்கிறார். நெற்றிமுடி கண்ணை மறைக்க, அகன்ற கொம்போடு நிற்கும் அந்த மாடு பிஸ்கட் டப்பாவின் மூடிக்கும் சுற்றுலாப் பயணியின் கைபேசிக்கும் உரியது என்ற எண்ணம் நன்றாகப் படித்தவர்களிடமும் ஊறிவிட்டது. இந்தத் தீர்ப்பு தவறு. இதை நம்பி மாட்டை மாற்றும் குடும்பம் தன் நிலத்தால் தர முடியாததையெல்லாம் காசு கொடுத்து வாங்கும் நிலைக்கு வந்து சேர்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரான்சிலிருந்து 1961-இல் ஷாரொலே மாடும் 1971-இல் லிமூசின் மாடும் பிரிட்டனுக்குள் வந்தன. அவற்றின் கலப்புக் கன்று நல்ல தீவனத்தில் ஒன்றரை வயதை ஒட்டியே இறைச்சிக்குத் தேறிவிடும். ஹைலேண்ட் கன்றுக்கு இரண்டு முதல் மூன்று ஆண்டு வேண்டும். தேறிய பிறகும் எடை குறைவு, தொடையிலும் இடுப்பிலும் சதைப்பிடிப்பு குறைவு, அதனால் இறைச்சிக்கூடத்தின் தரப்பட்டியலில் கீழ்வரிசை, கிலோவுக்கு விலையும் குறைவு. சந்தையில் முடி அடர்ந்த, கொம்புள்ள கன்றுக்குப் போட்டியிட ஆள் வருவதில்லை. மூன்று ஆண்டு உயிரோடிருக்கும் மாடு மூன்று ஆண்டும் மீத்தேன் விடுகிறது. ஆகவே, எஸ்டேட் வருமானம் உள்ள சீமான் வளர்க்கட்டும், விடுதி நடத்துபவர் வளர்க்கட்டும், மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பம் வளர்க்க வேண்டாம் என்கிறார்கள்.

இந்தத் தகவல்களில் எதையும் நான் மறுக்கவில்லை. அவற்றைக் கொண்டு வந்தடையும் முடிவைத்தான் மறுக்கிறேன். அதற்குமுன் நிலத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வாதம் முழுவதிலும் நிலம் என்ற ஒன்று இல்லவே இல்லை.

ஸ்காட்லாந்தின் வேளாண் நிலத்தில் சுமார் 85 விழுக்காடு, இயற்கையிலேயே வளம் குன்றியது என்று அரசே வகைப்படுத்திய நிலம். மேற்கு மலைப்பகுதிகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் இடங்கள் உண்டு. மண் புளித்தது, பெரும்பகுதி கரிச்சேறு. ஹீதர் புதரும் கோரையும் முரட்டுப் புல்லும் பிராக்கன் பெரணியும்தான் அங்கே விளைச்சல். இந்த மண்ணில்தான் கிராஃப்ட் எனப்படும் சிறு குடும்பப் பண்ணைகள் இருக்கின்றன. 20,000-க்கும் மேற்பட்டவை, சராசரியாகச் சுமார் 5 ஹெக்டேர் அளவுடையவை. அதோடு ஊர்ப் பொது மேய்ச்சல் மலையில் ஒரு பங்கும் கிராஃப்டருக்கு உண்டு. அவர் மாடு மேய்ப்பது பெரும்பாலும் அந்த மலையில்தான்.

1. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ ஏறியது என்று கேட்பவர்கள், அந்தக் கிலோவுக்கு யார் விலை கொடுத்தார் என்று ஏன் கேட்பதில்லை?

ஷாரொலே கன்றின் வேகமான வளர்ச்சிக்குப் பின்னால் பார்லி இருக்கிறது, அடர்தீவனம் இருக்கிறது, உரமிட்ட மேய்ச்சல் புல் இருக்கிறது. இவையெல்லாம் விளையும் மண்ணில் அந்த மாடு சரியான மாடுதான். அபர்டீன்ஷயர் சமவெளியில் அதை வளர்ப்பவரோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் மேற்குத் தீவில் தீவன மூட்டை லாரியில் வந்து, கப்பலேறி, மறுபடி லாரியேறி வருகிறது. படுக்கைக்குப் போடும் வைக்கோலும் அப்படியே. பார்லி விளையாத ஊரில் வைக்கோல் எங்கிருந்து வரும்? சமவெளிப் பண்ணையில் கழிவாகக் கிடக்கும் பொருளைத் தீவுக்காரர் போக்குவரத்துச் செலவோடு விலைக்கு வாங்குகிறார்.

அடுத்தது உடல். வளர்ந்த ஹைலேண்ட் பசு சுமார் 500 கிலோ. ஷாரொலே பசு 700 கிலோவைத் தாண்டும், 800-ம் உண்டு. மாடு எடை கூடாமல், கன்று சுமக்காமல், சும்மா உயிரோடிருப்பதற்கே தீவனம் வேண்டும். அந்தத் தேவை எடையின் முக்கால் மடிக்கு ஏற்ப உயரும் என்பது கால்நடை ஊட்டவியலின் அடிப்படைப் பாடம். அதன்படி 750 கிலோ பசுவுக்கு 500 கிலோ பசுவைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தீனி வேண்டும். மூன்று பெரிய பசுக்களைத் தாங்கும் புல் நான்கு சிறிய பசுக்களைத் தாங்கும். நான்கு பசு என்றால் நான்கு கன்று. தலைக்கு எவ்வளவு என்று கணக்குப் போடும் ஆலோசகரின் தாளில் அந்த நான்காவது கன்றுக்கு இடமே இல்லை.

பிறகு குளிர்காலம். ஹைலேண்ட் மாட்டின் தோலில் இரண்டு அடுக்கு முடி. வெளியே ஓரடி நீளம்கூட வளரும் எண்ணெய்ப் பசையுள்ள முடி, உள்ளே மெத்தென்ற குறுமுடி. மழை மேல்முடியில் வழிந்து போய்விடும், தோல் நனையாது. இந்தப் போர்வை இருப்பதால் குளிரைத் தாங்கத் தோலுக்கடியில் தடித்த கொழுப்பு தேவைப்படுவதில்லை. மாடு மாரி முழுவதும் வெட்டவெளியில் நிற்கிறது. அதற்கும் மாரியில் காய்ந்த புல்லோ சைலேஜ் எனும் புளிக்கவைத்த பசுந்தீவனமோ போடத்தான் வேண்டும், ஒரே இடத்தில் நிறுத்தினால் நிலம் சேறாகக் குழையும், ஒதுங்க ஒரு பாறை மறைவோ மரக்கூட்டமோ வேண்டும். இவற்றை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கொட்டகை வேண்டாம். மெல்லிய தோலுள்ள கனத்த மாட்டை அதே இடத்தில் வைத்தால் ஐந்தாறு மாதம் கூரைக்கடியில் கட்டித் தீனி போட வேண்டும், சாணம் அள்ள வேண்டும். எட்டுப் பத்து மாடுள்ள குடும்பம் அந்தக் கொட்டகையின் விலையை எத்தனை கன்றுகளின் தலையில் ஏற்றி மீட்கும்?

சிறு பண்ணையில் இலாபம் பெரும்பாலும் செலவழிக்காத பணத்தில்தான் இருக்கிறது. வரவுப் பக்கத்தை மட்டும் ஒப்பிட்டுத் தீர்ப்பெழுதும் கணக்கு, கடன் வாங்கத் தெம்புள்ள பெரும்பண்ணைக்காக எழுதிய கணக்கு.

2. சந்தையில் விலைபோவது கன்று, மலையில் பிழைக்க வேண்டியது தாய். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

ஹைலேண்ட் கன்றுக்குச் சந்தையில் விலை குறைவு என்றே வைத்துக்கொள்வோம். அதிலிருந்து தாய் ஹைலேண்டாக இருக்கக் கூடாது என்ற முடிவு எப்படி வரும்? ஹைலேண்ட் பசுவோடு ஷார்ட்ஹார்ன் காளையைச் சேர்ப்பது அந்த நாட்டின் பழைய வழக்கம். பிறக்கும் கிடேரி தாயின் உறுதியும் தந்தையின் பாலும் சதையும் கொண்டிருக்கும். அதை ஷாரொலே அல்லது சிமென்டால் காளையோடு சேர்த்தால் சந்தைக்காரர் கேட்கும் அதே கன்று கிடைக்கும். ஓபன் நகருக்கு அருகே லூயிங் தீவில் கட்ஸோ சகோதரர்கள் 1947-இல் தொடங்கிய வேலை இதற்குச் சான்று. ஷார்ட்ஹார்னையும் ஹைலேண்டையும் கலந்து அவர்கள் நிலைப்படுத்திய லூயிங் மாடு 1965-இல் தனி இனமாகவே அரசின் ஏற்பைப் பெற்றது. அவர்களும் பிழைப்புக்காகத்தான் மாடு வளர்த்தார்கள். ஈரமான, காற்று வீசும் தீவில் எந்தத் தாய் நிற்கும் என்ற கேள்வியோடு தொடங்கியவர்கள் அடித்தளமாகத் தேர்ந்தெடுத்த இரண்டு இனங்களில் ஒன்று ஹைலேண்ட்.

காளைக்கு எங்கே போவது என்றும் கேட்பார்கள். ஐந்து பசு உள்ளவர் சொந்தமாகப் பொலிகாளை வைத்திருக்க முடியாது, உண்மைதான். அதற்காகவே இன்வர்னஸ் அருகே நாக்னகேல் பண்ணையில் ஸ்காட்லாந்து அரசு பல இனக் காளைகளைப் பராமரித்து, கூட்டாகச் சேரும் கிராஃப்டர்களுக்குப் பருவத்துக்கு வாடகைக்கு விடுகிறது. தூய ஹைலேண்ட் மந்தை வேண்டுமா, கலப்பு வேண்டுமா என்பது குடும்பத்தின் விருப்பம். இரண்டுக்கும் வழி இருக்கும்போது, கன்றின் விலையைக் காட்டித் தாயை விற்கச் சொல்வதற்கு நியாயமில்லை.

தாயைப் பற்றி இன்னொன்று. ஹைலேண்ட் கன்று பிறக்கும்போது 22 முதல் 34 கிலோ. ஷாரொலே கன்று 45 கிலோவைத் தொடும். கால்நடை மருத்துவர் கடல் தாண்டி வர வேண்டிய ஊரில், நள்ளிரவில், கன்று மாட்டிக்கொண்ட பசுவோடு தனியாக நிற்பவருக்கு இந்த வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு சிசேரியன் அந்த ஆண்டு ஒரு கன்றின் இலாபத்தைத் தின்றுவிடும். தாயும் கன்றும் சேர்ந்து போனால் சிறு மந்தையில் பத்தில் ஒரு பங்கு ஒரே இரவில் போய்விடும். ஹைலேண்ட் பசு பெரும்பாலும் ஆளில்லாமல், மலைமேலேயே ஈன்றுவிட்டு, நக்கித் துடைத்த கன்றோடு இறங்கி வருகிறது.

3. தாமதமாகத் தொடங்குகிறது என்பவர்கள் எப்போது முடிகிறது என்று பார்ப்பதில்லை.

ஹைலேண்ட் கிடேரி வழக்கமாக மூன்று வயதில்தான் முதல் கன்று ஈனும். மற்ற இனங்களில் இரண்டு வயதிலேயே ஈன வைக்கிறார்கள். ஓராண்டு இழப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹைலேண்ட் பசு 15 வயதிலும் அதற்குப் பிறகும் ஈனுவது அரிதான செய்தியே இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துப் பசுக்கள், ஆண்டுக்கு ஒன்பது கன்றுகள். பசு சராசரியாக ஆறு ஈற்றோடு கழிந்தால், மந்தை குறையாமலிருக்க ஆறு ஆண்டில் பத்துக் கிடேரிகளை நிறுத்த வேண்டும். பன்னிரண்டு ஈற்றுவரை நின்றால் பன்னிரண்டு ஆண்டுக்குப் பத்துப் போதும். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு கிடேரி கூடுதலாக விற்பனைக்குப் போகிறது. ஒன்பதில் ஒன்று என்பது சிறு குடும்பத்துக்குச் சின்ன வித்தியாசமா?

மோசமான நிலத்தில் ஹைலேண்ட் பசு சில சமயம் ஓராண்டு சினைபிடிக்காமல் விட்டுவிடும் என்பது எதிர்த்தரப்பின் பதில். உண்மைதான். கன்றுக்கான அரசு உதவித்தொகையைப் பெற, இரு ஈற்றுக்கு இடையிலான காலம் 410 நாளுக்குள் இருக்க வேண்டும் என்று 2025 முதல் ஸ்காட்லாந்து அரசு நிபந்தனை கொண்டுவந்தது. இந்த நிபந்தனை மலைமேய்ச்சலுக்கும் சமவெளிக் கொட்டகைக்கும் ஒரே கடிகாரத்தை மாட்டியது. மாரியில் மெலிந்து கோடையில் தேறும் பசு, உடல் தாங்காத ஆண்டில் சினையைத் தள்ளிப்போடுகிறது. அதைக் குறை என்று குறித்துக்கொள்பவர், அந்த ஓய்வுதான் அதே பசுவை இன்னும் பத்தாண்டு நிறுத்துகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

4. நல்ல மாடாக இருந்தால் அந்த மக்களே ஏன் கைவிட்டார்கள்?

இந்தக் கேள்வியைத்தான் நான் மிகவும் வெறுக்கிறேன். ஒரு மக்களிடமிருந்து பிடுங்கியதை அவர்களே வீசியெறிந்ததாக இது மாற்றிச் சொல்கிறது.

18-ஆம் நூற்றாண்டில் ஹைலேண்ட் மலைநாட்டுக் குடியானவரின் நிலவாரத்தைக் கட்டியது மாடு. அன்று பெரும்பாலும் கறுப்பு மாடு. இலையுதிர் காலத்தில் ஸ்கை தீவின் மாடுகளைக் கைல் ரே நீரிணையில் நீந்தவைத்து அக்கரையின் கிளெனெல்கில் ஏற்றுவார்கள். முன்னே போகும் மாட்டின் வாலோடு பின்னே வரும் மாட்டின் கீழ்த்தாடையைக் கயிற்றால் பிணைத்து, வரிசையாகப் படகுக்குப் பின்னால் இழுத்துப் போவார்கள். அங்கிருந்து மலைகளின் ஊடாக நடத்திக்கொண்டு முதலில் கிரீஃப் சந்தைக்கு, பின்னாளில் ஃபால்கர்க் சந்தைக்கு. அங்கே வாங்கியவர்கள் இங்கிலாந்துவரை ஓட்டிப் போனார்கள். அந்தப் பயணத்தை எலும்பும் குளம்பும் உடையாமல் முடித்த மாட்டைத்தான் பிழைப்புக்கு உதவாத மாடு என்கிறார்கள்.

பிறகு நிலவுடைமையாளர்கள் செவியட் செம்மறியைக் கொண்டுவந்தார்கள். ஆட்டுப் பண்ணைக்காரர் தரும் குத்தகை குடியானவர்களின் வாரத்தைவிட அதிகம். பள்ளத்தாக்குகளிலிருந்து மக்களை வெளியேற்றினார்கள், 1810-களில் சதர்லேண்டில் நடந்தது அதில் மிகக் கொடியது. நல்ல மேய்ச்சல் ஆட்டுக்குப் போனது. மக்கள் கடலோரத் துண்டு நிலங்களுக்குத் தள்ளப்பட்டார்கள், கடல் கடந்தும் போனார்கள். மேய மலையில்லாதவர் எத்தனை மாடு வைத்திருப்பார்? கிராஃப்டர்களின் குறைகளை விசாரிக்க 1883-இல் அமைந்த நேப்பியர் ஆணையத்தின் முன் அவர்கள் ஊர் ஊராகச் சாட்சி சொன்ன பிறகுதான், 1886-இல் கிராஃப்டர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது.

ஆண்டுகளைப் பாருங்கள். ஹைலேண்ட் மாட்டுச் சங்கம் தொடங்கியது 1884-இல். அதன் முதல் வம்சப் பதிவேடு 1885-இல் வெளிவந்தது. அப்போது பெயர்பெற்ற மந்தைகள் பலவும் பெரும் எஸ்டேட்டுகளில் இருந்தன. மந்தையைக் காத்ததற்காக அந்த எஸ்டேட்காரர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். ஆனால் அதே நூற்றாண்டில்தான் ஓவியர்கள் இந்த மாட்டைத் தேடி வந்தார்கள். பிரெஞ்சு ஓவியர் ரோஸா பொன்ஹூர் 1856-இல் ஸ்காட்லாந்துக்கு வந்து போனபின் ஹைலேண்ட் மாடுகளை வரைந்தார். மூடுபனி, மலை, ஏரி, மாடு. மனிதர் குறைந்துபோன நிலத்தின் படம் விக்டோரிய வரவேற்பறைகளில் தொங்கியது. ஹைலேண்ட் மாடு அலங்காரப் பொருளானது அப்படித்தான். அதன் உழைப்பைப் பார்த்த மக்களை அப்புறப்படுத்திய பிறகு அதன் தோற்றம் மட்டும் மிஞ்சியது. அந்தப் படத்தை ஆதாரமாகக் காட்டி, இது சீமான்களின் மாடு என்று கிராஃப்டரிடமே சொல்வது வரலாற்றைத் தலைகீழாக நிறுத்துவது.

5. சந்தை தீர்ப்பு சொல்லிவிட்டது என்கிறார்கள். சந்தையின் விதியை எழுதியது யார்?

ஐரோப்பியத் தரப்பட்டியல் உரித்த மாட்டை E, U, R, O, P என்ற ஐந்து எழுத்துகளில் வரிசைப்படுத்துகிறது. பின்தொடையும் இடுப்பும் எவ்வளவு புடைத்திருக்கின்றன, கொழுப்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்பவைதான் அளவுகள். வாயில் போட்டால் எப்படி இருக்கும் என்பது அதில் எங்கும் இல்லை. புடைத்த தொடையுடைய பிரெஞ்சு, பெல்ஜிய இனங்கள் மேலே நிற்கும், ஒல்லியான ஹைலேண்ட் கீழே நிற்கும். மெதுவாக வளர்ந்து, கொழுப்பு குறைந்து, நார் மெல்லியதாக இருக்கும் இறைச்சிக்குத் தனியாக விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சேரும் வழியைத்தான் அடைத்துவிட்டார்கள்.

முதல் அடைப்பு 1996-இல் வந்தது. மாட்டு மூளைநோய் மனிதருக்கும் தொற்றியிருக்கலாம் என்று பிரிட்டன் அரசு அந்த மார்ச்சில் ஒப்புக்கொண்டது. 30 மாதத்தைக் கடந்த மாட்டின் இறைச்சி உணவுக்கு வரக் கூடாதென்று விதி போட்டார்கள். அது 2005 நவம்பர்வரை நீடித்தது. அந்த நோய் பரவியது மாட்டின் எலும்பையும் இறைச்சியையும் அரைத்து மாட்டுக்கே தீவனமாகப் போட்டதால், அதுவும் பெரும்பாலும் பால்மாட்டு மந்தைகளில். மக்களின் உயிரைக் காக்க அப்படியொரு விதி தேவைப்பட்டது, அதில் தகராறில்லை. ஆனால் அதன் சுமை விழுந்தது புல்லைத் தின்று மூன்று ஆண்டில் தேறும் மாட்டின் மீது. புல்வளர்ப்பு மந்தைகளுக்கென்று ஒரு விலக்கு இருந்தும் அதற்குள் போக முடிந்தவர்கள் குறைவு. ஒன்பது ஆண்டுக்கு மேல், அந்த மாட்டை அது முதிரும் வயதில் விற்க முடியவில்லை. அந்தக் காலத்தில் மந்தையை மாற்றியவர்களைக் காட்டி, பார், இவர்களே விட்டுவிட்டார்கள் என்று வாதிடுவது நேர்மையல்ல.

இரண்டாவது அடைப்பு இன்றும் இருக்கிறது. சிறு பண்ணைக்காரர் தன் இறைச்சியை நேரடியாக விற்க, இரண்டு மூன்று மாட்டைக்கூட ஏற்று, அறுத்து, அவருடைய இறைச்சியை அவரிடமே திருப்பித் தரும் கூடம் வேண்டும். பிரிட்டனில் சிறு இறைச்சிக்கூடங்களில் மூன்றில் ஒரு பங்கு 2007-க்கும் 2017-க்கும் இடையில் மூடப்பட்டது. ஆர்க்னி தீவுகள் மாட்டிறைச்சிக்குப் பேர்போனவை. அங்கிருந்த கூடமும் 2018-இல் மூடியது. அதற்குப் பிறகு, ஆர்க்னியில் பிறந்து வளர்ந்த மாட்டின் இறைச்சியை ஆர்க்னியில் விற்க வேண்டுமென்றால் மாடு உயிரோடு கப்பலேற வேண்டும், இறைச்சியாகத் திரும்பிவர வேண்டும். ஆர்க்னி மாடுகளில் பெரும்பாலானவை ஆங்கஸும் ஐரோப்பியக் கலப்புகளும். ஆகவே, இந்த இடர்ப்பாட்டுக்கும் மாட்டின் இனத்துக்கும் தொடர்பில்லை. கூடம் இல்லாததால் வரும் நட்டத்தை ஹைலேண்ட் மாட்டின் கணக்கில் எழுதுகிறார்கள். கூடத்தைத் திறங்கள் என்று கேட்பதைவிட மாட்டை மாற்று என்று குடும்பத்திடம் சொல்வது அதிகாரிகளுக்கு எளிதாக இருக்கிறது.

6. மீத்தேன் வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது, தட்டிக்கழிக்கவும் மாட்டேன்.

ஒரு கிலோ இறைச்சிக்கு ஹைலேண்ட் மாடு வேகமாக வளரும் மாட்டைவிட அதிக மீத்தேன் விடுகிறது. ஆயுள் கூடினால் அசைபோடும் நாளும் கூடும். ஹைலேண்ட் வளர்ப்பவர்களில் சிலர் இதை மழுப்புகிறார்கள், அது தவறு.

ஆனால் கிலோவுக்கு எவ்வளவு என்ற அளவு, எந்த நிலத்திலும் எந்த மாடும் எத்தனை வேண்டுமானாலும் நிற்கலாம் என்று எடுத்துக்கொள்கிறது. கரிச்சேற்று மலை பல ஹெக்டேருக்கு ஒரு மாட்டைத்தான் தாங்கும், அங்கே எண்ணிக்கைக்கு நிலமே எல்லை கட்டுகிறது. வேகமாக வளரும் மாடு அந்த மலைப்புல்லில் வேகமாக வளராது. அதற்காக வேறெங்கோ உழுது, உரமிட்டு, மனிதர் உண்ணும் தானியம் விளையக்கூடிய மண்ணில் பார்லி போட வேண்டும். அந்த உரத்திலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடையும் தீவனம் ஏறிவரும் லாரியின் டீசலையும் எழுதாத கணக்கு அரைக்கணக்கு. எழுதிய பிறகும் கிலோவுக்கு ஹைலேண்டின் எண் கூடுதலாகவே இருக்கலாம். அப்படியானால் மக்கள் மாட்டிறைச்சியைக் குறைத்து உண்ணட்டும், அந்தக் குறைந்த இறைச்சி வேறெதுவும் விளையாத நிலத்திலிருந்து வரட்டும் என்பேன். மலைப்பண்ணையைக் காலிசெய்து, தானியம் தின்னும் மாட்டைப் பெருக்குவது சூழலுக்குச் செய்யும் உதவி ஆகாது.

அந்த நிலத்தில் மாடு செய்யும் வேலையையும் கணக்கிட வேண்டும். செம்மறி புல்லை வேரையொட்டிக் கொறிக்கும், சுவையானதைத் தேடிப் பொறுக்கும். ஹைலேண்ட் மாடு முரட்டுப் புல்லை நாக்கால் சுற்றி இழுத்துத் தின்னும், பெரணியை மிதித்து உடைக்கும், புதரையும் கடிக்கும். சுவிட்சர்லாந்தின் அரசு வேளாண் ஆய்வு நிறுவனமான அக்ரோஸ்கோப்பின் ஆய்வாளர்கள், ஹைலேண்ட் மேய்ந்த நிலங்களையும் பக்கத்திலேயே கனத்த உற்பத்தி இனங்கள் மேய்ந்த நிலங்களையும் ஒப்பிட்டு 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். ஹைலேண்ட் மேய்ந்த இடத்தில் தாவர வகை அதிகம், புதர் குறைவு, மிதிபட்ட நிலத்துக்குரிய செடிகளும் குறைவு. குறைந்த எடை, குளம்பின் கீழ் குறைந்த அழுத்தம், எதையும் தின்னும் வாய் என்று காரணம் சொன்னார்கள். நெதர்லாந்தின் வேலூவெஸோம் தேசியப் பூங்காவில் 1980-களிலிருந்து இந்த மாட்டை விட்டிருப்பதும் இந்த வேலைக்காகத்தான். ஸ்காட்லாந்தின் ஐலே தீவில் செவ்வலகுக் காகம் மாட்டுச் சாணத்தில் வளரும் புழுப்பூச்சியைத் தின்று மாரியைத் தாண்டுகிறது.

7. கொம்பு ஆபத்து என்பார்கள்.

கொம்புள்ள எந்த மாட்டிடமும் கவனம் வேண்டும். பிடிக்கும் கூண்டும் அடைப்பின் வாயிலும் அகலமாக இருக்க வேண்டும், குழந்தைகளை நடுவில் விடக் கூடாது, கன்றீன்ற தாயை நெருங்கக் கூடாது. இதற்கு மேல் இதில் வாதமில்லை. தலைமுறைகளாக மனிதரோடு ஒட்டி வாழ்ந்து, சிறுவயதிலிருந்து கைப்பழக்கத்தில் வளரும் மாடு சாதுவானது என்று வளர்ப்பவர்கள் சொல்வதில் காரணம் இருக்கிறது.

8. இப்போது எதிர்த்திசையிலிருந்தும் அதே தவறு வருகிறது.

சமூக ஊடகம் இந்த மாட்டைப் பொம்மையாக்கிவிட்டது. அமெரிக்காவில் குட்டை ஹைலேண்ட் என்று விற்கும் கன்றுக்கு, பண்ணை நடத்துபவர் கனவிலும் காணாத விலை கிடைக்கிறது. இது இந்த மாட்டுக்குக் கிடைத்த வெற்றி என்று சிலர் மகிழ்கிறார்கள். எனக்கு இது கவலையாகவே இருக்கிறது. குட்டையாக்குவதற்கு டெக்ஸ்டர் இனத்தைக் கலக்கிறார்கள். டெக்ஸ்டர் மாடுகளில் ஒரு பகுதி குட்டைத்தன்மைக்கான மரபணுவைச் சுமப்பவை. அதைச் சுமக்கும் காளையும் பசுவும் சேர்ந்தால் நான்கில் ஒரு கன்று தாடை குறுகி, கால் வளராமல், செத்துப் பிறக்கும். சோதித்துப் பார்க்காமல் சேர்ப்பவர்களுக்கு இது தெரிவதுகூட இல்லை. வெப்பமும் ஈரமும் மிகுந்த மாநிலங்களில், அந்த அடர்முடியோடு, தனியாக ஒரு கன்றைக் கொல்லைப்புறத்தில் கட்டி வைப்பது மந்தையாக வாழும் மிருகத்துக்குச் செய்யும் கொடுமை. இந்த மாட்டைக் கட்டுபடியாகாத அலங்காரம் என்றவரும் அலங்காரமாக வாங்கிக் கட்டுபவரும் அதை உழைக்கும் மாடாகப் பார்க்க மறுக்கிறார்கள். முதலாமவர் அது பிழைத்த நிலத்திலிருந்து அதை விரட்டுகிறார், இரண்டாமவர் அது பிழைக்க முடியாத இடத்துக்குக் கொண்டுபோகிறார்.

9. சரி, மாற்றிப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் பழைய மாட்டுக்கே திரும்பலாமே?

இது மிக நயமான வாதம், அதனாலேயே மிக ஆபத்தானது. மேற்குக் கரையின் பெரணிக் காடுகளில் உண்ணி அதிகம். அது பரப்பும் பபேசியா ஒட்டுண்ணியால் மாட்டின் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் சிவந்துபோகும், கவனிக்காவிட்டால் சாகும். அங்கேயே பிறந்த கன்றுக்கு முதல் சில மாதங்கள் இயல்பான தாங்குதிறன் உண்டு. அந்த வயதில் உண்ணி கடித்து நோய் லேசாக வந்து போனால் பிறகு எதிர்ப்பு நிலைக்கிறது. உண்ணியில்லாத ஊரில் வளர்ந்து வரும் மாட்டுக்கு இது கிடையாது, அது எந்த இனமானாலும். மலையின் எந்தப் பக்கம் எந்தக் காற்றுக்கு மறைவு, எந்தச் சதுப்பில் கால் புதையும், பனி மூடினால் எங்கே ஹீதர் தலைநீட்டும் என்பதைக் கன்று தாயின் பின்னால் நடந்துதான் கற்கிறது. தாய்மந்தையை ஓபன் சந்தையில் ஒரு காலையில் விற்றுவிடலாம். பதிவேட்டோடு வேறு ஹைலேண்ட் பசுக்களை அதே சந்தையில் திரும்ப வாங்கவும் முடியும். வாங்கிய பசுக்கள் அந்த மலையை அறியாது. உண்ணிக் காய்ச்சலில் சிலவற்றைப் பறிகொடுத்து, அங்கேயே பிறந்த கிடேரிகள் மூன்று வயதில் ஈன்று, அவற்றின் கன்றுகள் பின்னால் நடக்கத் தொடங்கும்வரை அந்தக் குடும்பம் எதை விற்று வாரம் கட்டும் என்று ஆலோசகர்தான் சொல்ல வேண்டும்.